நாலாயிரம் புள்ளிக்கு ஒரு பெட்டி

வங்கி அட்டைக்கான போமில் முதல் எட்டுக் கேள்விகளையும் முகைதீன்பாவா ஒரே இருப்பில் எழுதி முடித்துவிட்டார். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், தொழில் என்று எல்லாம் ஒரு எழுத்துக்கூடக் கட்டத்துக்கு வெளியே போகாமல் வரிசையாக விழுந்தன. ஒன்பதாம் கேள்வியில் பேனா நின்றுவிட்டது. ‘நீங்கள் வசிக்கும் வீடு’ என்று போட்டு, பக்கத்தில் நான்கு கட்டங்கள் கொடுத்திருந்தார்கள்: சொந்தம், வாடகை, பெற்றோருடையது, தொழில் வழங்குநர் தந்தது. பொருத்தமான ஒன்றில் அடையாளம் இடவும். பாவா நான்கையும் மேலிருந்து கீழாகப் படித்தார், கீழிருந்து மேலாகப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சாரன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார். கட்டங்கள் நான்காகவே இருந்தன.

இது சாதாரண ஆளுக்கு நடந்திருந்தால் கதையே இல்லை. முகைதீன்பாவாவுக்குக் கல்முனையில் ‘போம் பாவா’ என்று பெயர். கடற்கரைக்கு இறங்கும் வீதியில் அவர் நடத்திய கொமினிகேசன் கடையில், வெளிநாட்டுக்குப் பேச இரண்டு டெலிபோன் கூண்டுகளும் ஒரு பெக்ஸ் மெசினும் ஒரு போட்டோக் கொப்பி மெசினும் இருந்தன. ஆனால் சனம் அவரைத் தேடி வந்தது விண்ணப்பப் போம் நிரப்பத்தான். கட்டாருக்குப் போகிற பிள்ளையின் கடவுச்சீட்டுப் போம், ஹஜ்ஜுப் போம், நட்டஈட்டுப் போம், யானை வயலை மிதித்துவிட்டது என்று இறக்காமத்திலிருந்து வருகிறவனின் முறைப்பாட்டுப் போம் எல்லாவற்றையும் அவர்தான் நிரப்புவார். அவர் நிரப்பிய போம் ஒன்றாவது பிழையென்று திரும்பி வந்ததில்லை. பொய் எழுதமாட்டார் என்பது அவருடைய இரண்டாவது பெருமை. வயதைக் குறைத்து எழுதச் சொல்லி வந்தவர்களைக் கதிரையில் இருக்கக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் தன் சொந்தப் போமில் மாட்டிக்கொண்டார். குற்றம் அவருடையதல்ல, எங்கள் பக்கத்து வழக்கத்தினுடையது. மருதமுனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுப் பாருங்கள், கல்யாணம் முடித்த ஆண்பிள்ளை எவனும் தன் வீட்டில் இல்லை. வீடு பெண்ணுக்கு. பெண் பிள்ளை பிறந்த அன்றே வாப்பாக்காரன் கல்லுக்கும் சீமெந்துக்கும் யோசிக்கத் தொடங்கிவிடுவான். கல்யாணத்தன்று மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்வீட்டுக்கு வருவான், பிறகு மௌத்தாகும்வரை அங்கேதான். அவன் பிறந்த வீடு அவனுடைய தங்கச்சிக்குப் போய், அங்கே அவள் புருசன் கால் நீட்டிப் படுத்திருப்பான். இதெல்லாம் கொழும்பில் இருந்து போம் அச்சடித்தவனுக்குத் தெரிய நியாயமில்லை.

பாவாவின் விசயத்தில் நிலைமை இன்னும் ஒரு படி மோசம். வீடு மனைவி றபீக்காவின் பேரில். கடையை அந்த வளவின் முன்மூலையில் கட்டியிருந்ததால் அதுவும் அவள் பேரில். பெயர்ப்பலகைகூட ‘றபீக்கா கொமினிகேசன்’ என்றுதான் சொன்னது. இறக்காமத்து நாலு ஏக்கர் வயல் அவளுடைய சீதனம். டெலிபோன் இணைப்புகள் மாமி ஹாஜறாவின் பேரில். பாவா ஓடித்திரிந்த மோட்டார் சைக்கிள் மாமனாரின் பேரில், மாமனார் மௌத்தாகி ஆறு வருடம். பாவாவின் பேரில் இருந்தது அவருடைய அடையாள அட்டை ஒன்றுதான், அதிலும் விலாசம் றபீக்காவின் வீடு.

அட்டை ஆசையை அவருக்குள் மூட்டிவிட்டவர் றஸாக். பட்டினத்தில் மின்சாரச் சாமான் கடை வைத்திருந்த றஸாக், பாவாவோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர். தொண்ணூற்றேழாம் ஆண்டு அவர் கொழும்பில் ஒரு தங்கநிற கிறெடிட் காட் எடுத்து, அதைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு திரிந்தார். கல்முனையில் அதை நீட்டிச் சாமான் வாங்க ஒரு கடைகூட இல்லை. எங்கள் கடைகளில் கடன் வாங்க முகம்தான் வேண்டுமே தவிர அட்டை வேண்டியதில்லை. ஆனாலும் அந்த அட்டையில் றஸாக்கின் பெயர் புடைத்துக்கொண்டு நின்றது. பாவா அதை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். ஒரு மனிதனின் பெயர் கையில் தட்டுப்படும் என்பதை அவர் அன்றுதான் அறிந்தார். பொறாமை என்று சொன்னால் ஒத்துக்கொள்ளமாட்டார், ஆனால் பொறாமைதான். அன்று பின்னேரம் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பட்டினத்தில் ஒரு புதிய வங்கிக் கிளை திறந்தார்கள். அட்டைக்கு ஆள் பிடிக்கிற வேலை காரைதீவு அழகரெத்தினத்துக்கு. கழுத்துப்பட்டி கட்டிய, வியர்வை வழிகிற, நல்ல மனமுள்ள இளைஞன். விளம்பரத் தாள்களைப் போட்டோக் கொப்பி அடிக்கப் பாவாவிடம் வந்தவன், இருநூறு கொப்பி அடித்து முடிவதற்குள் முதல் ஆளைப் பிடித்துவிட்டான். ஆனால் பிடிபட்ட ஆள் லேசில் கையெழுத்துப் போடுகிற ஆளில்லை. பாவா இரண்டு கிழமை ஆராய்ச்சி செய்தார். றஸாக்கின் அட்டைக்கு நூறு ரூபாவுக்கு இரண்டு புள்ளி, அழகரெத்தினத்தின் அட்டைக்கு ஒன்றுதான். பார்த்தால் றஸாக்தான் வென்றவர். ஆனால் றஸாக்கின் வங்கி வருடம் ஆயிரத்தைந்நூறு ரூபா கட்டணம் பிடித்தது. அதோடு பரிசு இருபதாயிரம் புள்ளியில்தான் தொடங்கும், இரண்டு வருடத்தில் புள்ளிகள் காலாவதியாகிவிடும். பாவாவின் கடை டெலிபோன் பில் மாதம் முப்பத்துநாலாயிரம் அளவில் வரும். அந்தப் பில்லை அழகரெத்தினத்தின் வங்கி தன் கவுண்டரிலேயே அட்டைக்கு வாங்கிக்கொள்ளும். எப்படியும் கட்டுகிற பில், எப்படியும் சனம் கையில் தந்துவிட்டுப் போகிற காசு. றஸாக்கின் அட்டையில் கட்டினால் இரண்டு வருடத்தில் பதினாறாயிரத்துச் சொச்சம் புள்ளி சேர்ந்து அப்படியே செத்துப்போகும். அழகரெத்தினத்தின் அட்டையில் ஒரே வருடத்தில் நாலாயிரம் சேர்ந்து கையில் பரிசு வரும். இதைப் பாவா ஒரு முழுத்தாளில் கோடு போட்டு எழுதி றஸாக்கிடம் கொண்டுபோய்க் காட்டினார். றஸாக் அன்றிலிருந்து அட்டையைச் சட்டைப் பைக்குள் முழுசாகத் தள்ளி வைத்தார்.

வட்டி விசயத்தைப் பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டுத் தெளிந்தார். தவணைக்கு முன் முழுக்காசையும் கட்டிவிட்டால் வட்டி என்ற பேச்சே இல்லை என்று மௌலவி சொன்னார். கடைசியாக ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. ‘ஆயுள் முழுவதும் ஆண்டுக் கட்டணம் இல்லை’ என்று விளம்பரத்தில் போட்டிருந்த வரியைப் பாவா விரலால் தொட்டுக் காட்டினார்.

“ஆயுள் எண்டா ஆர்ர ஆயுள் தம்பி? என்ட ஆயுளா, பேங்கிட ஆயுளா?”

அழகரெத்தினத்துக்கு அது தெரியாது. கொழும்புத் தலைமையகத்துக்கு எழுதிக் கேட்டு, அட்டைக்காரரின் ஆயுள் என்று பத்து நாளில் பதில் எடுத்துக் கொடுத்தான். அப்படி ஒரு கேள்வியைத் தங்களிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை என்றும் அவர்கள் எழுதியிருந்தார்களாம். பாவாவுக்கு மனம் குளிர்ந்துபோனது.

பரிசுப் புத்தகம் பளபளப்பான தாளில் வந்தது. நாலாயிரம் புள்ளிக்கு மூன்று பரிசுகள். முதலாவது, சோறு காய்ச்சும் மின்சாரச் சட்டி. இரண்டாவது, முப்பத்திரண்டு பீங்கான் கொண்ட சாப்பாட்டுத் தொகுதி. மூன்றாவது பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது: கடும் நீல நிறத்தில், இரண்டு சில்லும் இழுக்கிற கைப்பிடியும் பூட்டும் திறப்பும் வைத்த பயணப் பெட்டி. பாவா அந்தப் பக்கத்தை விட்டு நகரவில்லை. அவருக்குப் பயணம் ஒன்றும் கிடையாது. கொழும்பைத் தாண்டி அவர் போனதில்லை. ஆனால் பதினேழு வருடமாக அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது சட்டை கொளுவ ஒரு ஆணியும் அலுமாரியில் அரைத்தட்டும்தான். மாப்பிள்ளையாக வந்தபோது கொண்டுவந்த தகரப்பெட்டி கறள் பிடித்து, மாமி அதற்குள் விதைநெல் போட்டு வைத்திருந்தார். தன் பேரில், தன் திறப்பில், மற்றவர் கேட்காமல் திறக்காத ஒரு பொருள் வேண்டும் என்று பாவாவுக்கு நெடுநாளாக ஆசை. இவ்வளவு காலமும் அந்த ஆசைக்கு உருவம் இல்லாமல் இருந்தது, இப்போது படமே கிடைத்துவிட்டது. சிவப்புப் பேனாவால் பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அந்தப் புத்தகத்தை விறாந்தையில் வைத்துவிட்டுக் கடைக்குப் போனதுதான் அவர் செய்த பிழை. அதை முதலில் எடுத்துப் பார்த்தவர் மாமி. ஹாஜறாவுக்கு எழுத்து வாசிக்க வராது, படம் பார்க்க நன்றாக வரும். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண்பிள்ளை பெட்டியோடு வருவது கல்யாணத்துக்கு. அதே ஆண்பிள்ளை மறுபடி பெட்டி எடுத்தால் ஒன்று மத்தியகிழக்குக்குப் போகிறான், அல்லது பெண்சாதியை விட்டுப் போகிறான். மருமகன் மத்தியகிழக்குக்குப் போகிற வயதைக் கடந்துவிட்டார். ஹாஜறா புத்தகத்தை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போய், மகளை அழைத்து, கதவைச் சாத்தினார்.

அடுத்த மூன்று நாளும் பாவாவின் வாழ்க்கையில் மறக்க முடியாத நாட்கள். முதல் நாள் பகல் கணவாய்க் கறி. இரண்டாம் நாள் நாட்டுக்கோழி, அதோடு அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல். மூன்றாம் நாள் பெருநாளுமில்லை, கத்தம் ஓதும் விருந்துமில்லை, வட்டிலப்பம். பாரைமீனின் நடுத்துண்டைத் தன் கையாலேயே எடுத்து வைத்த மாமி, உப்புப் புளி சரியா என்று இரண்டு தடவை கேட்டார். கிறெடிட் காட் எடுக்கப் போகிற ஆளுக்கு வீட்டிலும் மதிப்புக் கூடிவிட்டது என்று பாவா நினைத்தார். றபீக்கா மட்டும் ஒன்றும் பேசாமல் அவருடைய சட்டைகளை எண்ணி எண்ணிப் பார்த்துக்கொண்டு திரிந்ததை அவர் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் மரைக்கார் இருந்தார். எங்கள் பள்ளிவாசலில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் ஒரு மரைக்கார் உண்டு. கல்யாணம், கலகம், விவாகரத்து எல்லாம் முதலில் அவருடைய காதுக்குத்தான் போகும். இவர் றபீக்காவின் குடிக்கு மரைக்கார், எழுபது வயது, குடையைக் கால்களுக்கு நடுவில் ஊன்றி அதன்மேல் இரண்டு கையையும் வைத்திருந்தார். உள் வாசல் திரைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் நிற்பது தெரிந்தது. பாவா ஸலாம் சொல்லி எதிரில் இருந்தார். மரைக்கார் வெயிலைப் பற்றிப் பேசினார், பெரும்போக விதைப்பைப் பற்றிப் பேசினார், செக்பொயின்றில் பஸ்களை மறிக்கிறதைப் பற்றிப் பேசினார். பிறகு தொண்டையைச் செருமினார்.

“மகன், கேக்கன் எண்டு கோவிக்காதீங்க. பொட்டி தூக்குற அளவுக்கு இந்த ஊட்டுல உங்களுக்கு என்ன கொற?”

பாவாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது திரைக்கு அடியால் ஒரு கை வந்து பரிசுப் புத்தகத்தை மெதுவாகத் தள்ளிவிட்டது. பன்னிரண்டாம் பக்கம் விரிந்திருந்தது, சிவப்பு வட்டம் தெரிந்தது. கணவாயும் கோழியும் வட்டிலப்பமும் எதற்கு வந்தன என்று பாவாவுக்கு அந்தக் கணத்தில்தான் வெளித்தது. முதலில் சிரிப்பு வந்தது. சிரிக்கப் போனவருக்கு என்ன நினைவு வந்ததோ, சிரிப்பு நின்று, பதினேழு வருடம் சொல்லாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

“நான் எங்கயும் போகல்ல மரைக்கார். போறதுக்கு எனக்கு எடமும் இல்ல, உம்மாட ஊடு தங்கச்சிக்குப் போயிட்டு. இந்த ஊட்டுல எனக்கு ஒரு நாளும் ஒரு கொறயும் இல்ல. ஆனா என்ட பேருல ஒரு சாமானும் இல்ல. பூட்டித் தொறக்க எனக்கெண்டு ஒரு பொட்டி வேணும், அவ்வளவுதான்.”

மரைக்காரும் நாற்பத்தைந்து வருடமாகப் பெண்சாதி வீட்டில் இருக்கிறவர்தான். தன் பேரில் என்ன இருக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும், பார்வை கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் போய்க் கடைசியில் கையிலிருந்த குடையில் நின்றது. குடையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னால் இருந்து றபீக்கா கேட்டாள்.

“பூட்டி வைக்க உங்களுக்கிட்ட என்ன இரிக்கி?”

அவள் நையாண்டி பண்ணவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதனால்தான் பாவாவுக்கு அது சுருக்கென்றது. மரைக்கார் வட்டிலப்பத்தில் மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டு, விசயம் தீர்ந்தது என்று சொல்லி எழுந்து போனார். விசயம் தீரவில்லை என்பது வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் தெரியும்.

அடுத்த நாள் காலையில் பாவா கடையைத் திறந்து, ஒன்பதாம் கேள்வியில் நின்ற போமை மறுபடி எடுத்து வைத்தார். அழகரெத்தினம் ‘சொந்தம்’ என்று அடித்துவிடுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லியிருந்தான். பாவாவின் கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அப்போது றபீக்கா வீட்டுப்பக்கக் கதவால் வந்து ஒரு பழைய மண்ணிறக் கடிதவுறையை மேசையில் வைத்தாள். வீட்டு உறுதிப் பத்திரம். அவள் போமைப் படித்திருந்தாள்.

“பொய் எழுதாதீங்க,” என்றாள். “உங்கட பேருக்கு அது சரியில்ல.”

பாவா அடிமட்டத்தை எடுத்தார். நான்கு கட்டத்துக்கும் கீழே, அதே அளவில், அதே இடைவெளியில், ஐந்தாவதாக ஒரு கட்டம் கீறினார். பக்கத்தில் ‘மனைவியுடையது’ என்று எழுதி அடையாளம் இட்டார். அடுத்தவன் அச்சடித்த போமில் அவர் கை வைத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. மிச்சக் கேள்விகளிலும் கடை, வயல் எல்லாம் மனைவி பேரில் என்று எழுதி, உறுதியைக் கொப்பி எடுத்து இணைத்து அழகரெத்தினத்திடம் கொடுத்தார்.

பதில் வர ஒன்றரை மாதம் பிடித்தது. போம் பிழையென்று திரும்பி வந்திருந்தது. ஐந்தாவது கட்டத்தைத் தலைமையகத்தில் யாரோ நீலப் பென்சிலால் சுற்றி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்கள். கூடவே மரியாதையான ஒரு கடிதம்: வீடு, கடைக் கட்டடம், வயல் எல்லாம் மனைவியின் பேரில் இருப்பதால் அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் அவரே, கணவருக்கு விருப்பமானால் மேலதிக அட்டை ஒன்று, அதற்கும் கட்டணம் இல்லாமல், வழங்கப்படும், புள்ளிகள் பிரதான அட்டைக்காரருக்குச் சேரும். அழகரெத்தினம் கடிதத்தைத் தமிழில் சொல்லிவிட்டுத் தன் கழுத்துப்பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாவாக் காக்கா, நான் சொன்ன மாதிரி சொந்தம் எண்டு அடிச்சிருக்கலாம்.”

“ஓம் தம்பி. அடிச்சிருக்கலாம்தான்,” என்றார் பாவா.

இரண்டாவது போமை றபீக்காவுக்காகப் பாவாதான் நிரப்பினார். ஒன்பதாம் கேள்விக்கு அரை நொடிகூடச் செல்லவில்லை, ‘சொந்தம்’. பதினான்காம் கேள்வி, ‘உங்களில் தங்கி வாழ்வோர் எத்தனை பேர்’ என்று கேட்டது. மகள் றுமானா, மகன் றினாஸ், மாமி. மூன்று என்று எழுதினார். பிறகு போம் முழுவதையும் ஒரு தரம் படித்துப் பார்த்தார். பொய் எழுதாத கை அல்லவா, மூன்றை வெட்டி நான்கு என்று எழுதினார். றபீக்கா அந்த நான்கைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டாள்.

அட்டைகள் இரண்டும் பதிவுத் தபாலில் வந்தன. பாவாவின் அட்டையிலும் பெயர் புடைத்துத்தான் நின்றது, தடவினால் தட்டுப்பட்டது. மாதா மாதம் அவரே கவுண்டருக்குப் போய்ப் பில் கட்டினார், தவணைக்கு ஒரு கிழமை முன்னாலேயே அட்டைக் காசையும் கட்டினார். மாத முடிவில் வரும் தாளில் சேர்ந்த புள்ளிகள் மட்டும் திருமதி றபீக்கா முகைதீன்பாவாவுக்கு உரியவையாக இருந்தன. பரிசைத் தெரிவு செய்வதும் அவள். ஒரு வருடம் பாவா வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் இளக்காரமாகிவிடும் என்ற மான உணர்ச்சி ஒரு பக்கம், கேட்டு இல்லையென்றால் என்ன செய்வது என்ற பயம் மறுபக்கம். மாமி சாப்பாட்டுத் தொகுதியின் பக்கம் என்பது எல்லோருக்கும் தெரியும். றுமானாவுக்குப் பதினைந்தாகிவிட்டது, இன்னும் நாலு வருடத்தில் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் எந்தப் பீங்கானில் சோறு போடுவது என்று சாப்பாட்டு நேரமெல்லாம் மாமி கேட்டார். பாவா தலையை ஆட்டினார். பெட்டியை மறந்துவிட்டதாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பரிசுப் புத்தகத்தை அலுமாரியில் தன் அரைத்தட்டில் வைத்திருந்தவர், யாரும் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்ப்பார்.

நாலாயிரம் சேர்ந்த மாதம் பரிசுக்கான போம் வந்தது. பாவா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். றபீக்கா போமை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு வங்கிக்குப் போய், அழகரெத்தினத்தைக் கொண்டு நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். போம் பாவாவின் வீட்டுப் போம் வேறொருவன் கையெழுத்தில் வெளியே போனது. அவருக்கு அழுகை வரப் பார்த்தது. சாப்பாட்டுத் தொகுதிதான் என்று முடிவு செய்து, பீங்கான் அடுக்கும் அலுமாரியின் மேல்தட்டைத் தானே துடைத்து வெறுமையாக்கி வைத்தார். மாமி அதைப் பார்த்து மருமகனுக்கு இப்போதுதான் பொறுப்பு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்.

பார்சல் ஒரு செவ்வாய்க்கிழமை பகல், லொறியில் வந்தது. கொழும்பிலிருந்து வருகிற வழியில் எத்தனை இடத்தில் திறந்து சோதித்தார்களோ, மட்டை கிழிந்து, கயிறு இரண்டு நிறத்தில் இருந்தது. கிழிசல் வழியாகக் கடும் நீலம் தெரிந்தது. பாவா அதைக் கண்டும் நம்பவில்லை, பீங்கானுக்கு நீல உறை போட்டிருப்பார்கள் என்று நினைத்தார். றபீக்கா கத்தி கொண்டுவந்து கயிற்றை அறுத்தாள். மட்டை இரண்டு பக்கமும் விழுந்தது. பன்னிரண்டாம் பக்கம் சில்லோடு விறாந்தையில் நின்றது.

கைப்பிடியில் ஒரு கண்ணாடித்தாள் உறை தொங்கியது. றபீக்கா தன் சட்டைக்குள் இருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து, அதற்குள் செருகினாள். எட்டாம் வகுப்போடு விட்ட எழுத்து, கொஞ்சம் சரிந்து, ‘மு. முகைதீன்பாவா’ என்று இருந்தது. வேறு விலாசம் எழுதவில்லை. உள்ளே ஒரு வளையத்தில் கோத்திருந்த இரண்டு திறப்பையும் அவர் கையில் வைத்தாள்.

“புள்ளி என்டதான்,” என்றாள். “பொட்டி உங்கட.”

மாமி அலுமாரியின் வெறுமையான மேல்தட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு மீன் வெட்டப் போனார்.

பெட்டியை அறைக்குள் கொண்டுபோய்க் கட்டில்மேல் வைத்து, பாவா திறந்தார். புதுத்துணி வாசம் வந்தது. என்ன வைப்பது என்று யோசித்தார். சட்டைகளை வைத்தால் கசங்கும். காசு வைத்தால் கடைக்கு ஓடி ஓடித் திறக்க வேண்டும். றபீக்காவுக்குத் தெரியாமல் வைக்க அவரிடம் ஒரு கடிதம்கூட இல்லை. பதினேழு வருடமும் அதன்மேல் ஒரு வருடமும் சேர்த்துத் தேடியும் பூட்டி வைக்க ஒரு சாமான் அகப்படவில்லை. ஒரு வருடத்துக்கு முன்னால் திரைக்குப் பின்னாலிருந்து வந்த கேள்வி சரியான கேள்விதான் என்று இப்போது தோன்றியது. ஆனாலும் சந்தோசம் குறையவில்லை. வெறும் பெட்டியை மூடி, பூட்டி, திறந்து, மறுபடி பூட்டினார். பிறகு சில்லு ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசை வந்தது.

எங்கள் வளவுகள் எல்லாம் கடற்கரை மணல். சில்லு உருளவில்லை, புதைந்து இழுபட்டது. பாவா விடவில்லை. வாசலிலிருந்து தென்னைகளுக்கு நடுவால் வீதிக் கேற் வரைக்கும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. மீன் வெட்டிக்கொண்டிருந்த மாமியின் கத்தி நின்றது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு சுல்பிகாவின் தலை எழும்பியது. பாவா கேற்றைத் திறந்து வீதியில் ஒரு காலை வைத்து, பட்டினப் பக்கம் ஒரு தரம், கடல் பக்கம் ஒரு தரம் பார்த்தார். எந்தப் பக்கமும் அவருக்கு ஒரு அலுவலும் இல்லை. பெட்டியைத் திருப்பிக் கிணற்றுப் பக்கத்தால் இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டு, திறப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனார்.

கடையில் பாலமுனையிலிருந்து ஒருவர் கடவுச்சீட்டுப் போமோடு காத்திருந்தார். பாவா அவரை இருத்தி, பேனாவைத் திறந்தவர், போட்டோக் கொப்பி மெசினுக்கு மேலே இருந்த சின்ன ஜன்னலால் தற்செயலாக வளவைப் பார்த்தார். மாமி கை கழுவிவிட்டு விளக்குமாறோடு இறங்கியிருந்தார். வாசலில் தொடங்கி, தென்னைகளுக்கு நடுவால் போன இரண்டு சில்லுக் கோடுகளையும் குனிந்து, ஒரு சாண்கூட விடாமல் கூட்டி அழித்துக்கொண்டே கேற் வரைக்கும் போனார். கேற்றைச் சாத்திக் கொண்டியைப் போட்டார். பிறகு கிணற்றுப் பக்கத்தால் வீட்டுக்குத் திரும்பி வந்த கோடுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். விளக்குமாற்றைக் கக்கத்தில் இடுக்கி, சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அவற்றில் கால் படாமல் ஓரமாக நடந்து வீட்டுக்குள் போனார். கேற்றிலிருந்து வாசல் வரைக்கும் அந்த இரண்டு கோடுகளும் வெயிலில் அப்படியே கிடந்தன.